புது போனுக்குக் குடி போகும் முன்



வீடு மாறும்போது நாம் என்ன செய்கிறோம்? நல்ல நாள் பார்க்கிறோம். பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுகிறோம். ஆனால் நகை, பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்புக் இவற்றை மட்டும் வண்டியில் போடுவதில்லை. மடியில் வைத்து நாமே கொண்டு போகிறோம். கடைசியாகப் பழைய வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

போன் மாற்றும்போது மட்டும் இந்தக் கவனம் எங்கே போகிறது? கடையில் நின்றபடியே பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கி வந்துவிடுகிறோம். இன்று நம் சேமிப்பு, தவணை, குழுச் செய்தி, கேஸ் பதிவு, வங்கிச் செய்தி எல்லாம் போன் வழியாகத்தான் நடக்கிறது. ஆகவே போன் மாற்றுவதும் ஒரு குடி போகும் வேலைதான். அதை எப்படிச் சரியாகச் செய்வது என்று இந்த மாதப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

ஒரு குழுவில் நடந்ததாக வைத்துக்கொள்வோம்

ஒரு குழுவின் ஊக்குநர் அக்காவுக்குப் போன் திரை உடைந்துவிட்டது. மகன் கடைக்கு அழைத்துப் போனான். பழைய போனைக் கொடுத்தால் 800 ரூபாய் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். சிம்மைக் கழற்றிப் புது போனில் போட்டுக் கொடுத்தார். அக்காவும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். அங்கேதான் பிரச்சனை தொடங்கியது.

"அக்கா, போன மாசம் என் தவணை 2,000 ரூபாயை ஜிபேயில அனுப்பினேன். அனுப்பின ரசீதையும் வாட்ஸ்அப்புல போட்டேன். கடன் பேரேட்டுல ஏறவே இல்லையே?" என்றார் ஓர் உறுப்பினர்.

"அனுப்பியிருப்ப தங்கச்சி. ஆனா என் வாட்ஸ்அப்புல பழசு ஒண்ணுமே காணோம். எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"அழிஞ்சுபோச்சுன்னா என் பணமும் அழிஞ்சுபோச்சா?"

பேச்சு தடித்தது. "போனை வேணும்னே மாத்திட்டாங்க" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்தது. எட்டு வருடம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு வைத்தவர். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கணக்காளர் பெண் வந்தாள். முதலில் அக்காவை வங்கிக்கு அழைத்துப் போய் பாஸ்புக்கில் பதிவு போடச் சொன்னாள். தேதியோடு 2,000 ரூபாய் வரவு அச்சாகி வந்தது. அன்றே பேரேட்டில் ஏற்றினார்கள். சண்டை தீர்ந்தது.

"பணம் எங்கேயும் போகல அக்கா. அது போனுக்குள்ள இருந்தாத்தானே போறதுக்கு? ஆனா ரெண்டு தப்பு நடந்திருக்கு. ஒண்ணு, குழுப் பணத்தை உங்க சொந்தக் கணக்குல வாங்கினது. அது குழுக் கணக்குக்குத்தான் போகணும். ரெண்டாவது, வாங்கின அன்னைக்கே நோட்டுல எழுதாம போனை நம்பி விட்டது" என்றாள் அவள்.

அக்கா கேட்டார்: "அப்போ எது போனுக்குள்ள இருக்கு, எது வெளியில இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

நல்ல கேள்வி. நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

எது எங்கே இருக்கிறது?

பாஸ்புக் தொலைந்தால் வங்கியில் உள்ள பணம் தொலையுமா? தொலையாது. பாஸ்புக் என்பது கணக்கைப் பார்க்கும் ஜன்னல். கணக்கு வங்கியில் இருக்கிறது. போனில் உள்ள பல செயலிகளும் இப்படித்தான். செயலி ஜன்னல். சேவை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகை, போனுக்கு வெளியே இருப்பவை. வங்கிக் கணக்கும் பணப் பரிமாற்றப் பதிவும் வங்கியின் கணினியில் இருக்கின்றன. யு.பி.ஐ. பின் எண்ணும் போனில் சேமிக்கப்படுவதில்லை. டிஜிலாக்கரில் உள்ள சான்றிதழ்களும் போனில் இல்லை. போன் உடைந்தாலும் இவை போகாது.

இரண்டாவது வகை, போனுக்குள் மட்டும் இருப்பவை. நாம் எடுத்த போட்டோ, கூட்டத்தில் பதிவு செய்த குரல், போன் நினைவகத்தில் சேமித்த நம்பர்கள், வாட்ஸ்அப் பேச்சுகள். இவற்றுக்கு நாமே ஒரு நகல் எடுத்து வெளியில் வைக்காவிட்டால், போனோடு இவையும் போய்விடும்.

மூன்றாவது வகை, வழியில் நிற்பவை. சில கணக்குச் செயலிகளில் இணையம் இல்லாத இடத்திலும் கூட்ட விவரத்தைப் பதியலாம். ஆனால் அந்தப் பதிவு போனுக்குள்ளேயே காத்திருக்கும். சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து அனுப்பினால்தான் மேலே போய்ச் சேரும். அனுப்பும் முன் போனை மாற்றினால், கூட்டம் நடந்ததற்கான பதிவே இருக்காது. புத்தகக் காப்பாளர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மூன்று சாவிகள்

வெளியில் இருக்கும் சேவைக்குள் புது போனிலிருந்து நுழைய மூன்று சாவிகள் வேண்டும்.

முதல் சாவி, நம் மொபைல் நம்பர். வாட்ஸ்அப், யு.பி.ஐ., வங்கிச் செய்தி, ஆதார் ஓ.டி.பி., கேஸ் சிலிண்டர் வாங்கும்போது சொல்லும் எண் எல்லாம் இந்த நம்பரைத்தான் நம்பி இருக்கின்றன. அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கிறது. சிம் தொலைந்து மாற்று சிம் வாங்க வேண்டுமென்றால், யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாளச் சான்றோடு போக வேண்டும். மகன் வெளிநாட்டில் இருந்தால் என்ன செய்வோம்? நம் பணம் நடமாடும் நம்பர் நம் பெயரில் இருப்பதுதான் நல்லது.

வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பினாலும் நம்பரை மாற்றத் தேவையில்லை. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் அதே நம்பரோடு நிறுவனம் மாறும் வசதி இருக்கிறது. "ஆஃபர் தர்றாங்க" என்று புது நம்பர் வாங்கிவிட்டுப் பழையதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். 90 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாத நம்பரை நிறுவனம் நிறுத்திவிடலாம். பிறகு அதே நம்பர் வேறொருவருக்குப் போய்ச் சேரும். நம் வங்கிச் செய்தி அவருக்குப் போகும்.

இரண்டாவது சாவி, ஜிமெயில் முகவரியும் அதன் கடவுச்சொல்லும். ஆண்ட்ராய்டு போன் வாங்கியதும் ஒரு ஜிமெயில் கேட்கும். பெரும்பாலும் கடைப் பையனே ஏதோ ஒரு பெயரில் தொடங்கிக் கொடுத்துவிடுவான். கடவுச்சொல் அவனுக்கும் மறந்திருக்கும், நமக்கும் தெரியாது. நம்பர்கள், போட்டோ, வாட்ஸ்அப் நகல் எல்லாம் அந்த முகவரிக்குள்தான் சேர்கின்றன. சாவி இல்லாத பீரோவில் நகை வைத்த கதைதான்.

மூன்றாவது சாவி, நம் ரகசிய எண்கள். யு.பி.ஐ. பின், டிஜிலாக்கர் பின், வாட்ஸ்அப்பின் இரட்டைப் பாதுகாப்பு எண். இவை நம் மனதில் இருக்க வேண்டியவை. போனின் பின் அட்டையில் எழுதி ஒட்டக் கூடாது. கணவர், மகள் என்று யாராக இருந்தாலும் யு.பி.ஐ. பின்னைச் சொல்லத் தேவையில்லை.

இந்த மூன்று சாவியும் நம் கையில் இருந்தால் எந்தப் போனுக்கும் குடி போகலாம். ஒன்று பிறர் கையில் இருந்தாலும், நாம் அவரைக் கேட்டுத்தான் நம் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும்.

பழைய போனில் செய்ய வேண்டியவை

புது போன் வாங்குவதற்கு முன்பே, வீட்டில் நிதானமாக உட்கார்ந்து இவற்றைச் செய்யுங்கள்.

1. செட்டிங்கில் கூகுள் என்ற இடத்தைத் திறந்து, எந்த ஜிமெயில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால் இப்போதே மாற்றிக் கொள்ளுங்கள். பழைய போன் கையில் இருக்கும்போது மாற்றுவது சுலபம். மீட்பு எண் என்ற இடத்தில் உங்கள் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. நம்பர்கள் எல்லாம் ஜிமெயில் கணக்கில் சேமிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். போனிலோ சிம்மிலோ இருந்தால் ஜிமெயிலுக்கு மாற்றுங்கள். வங்கி, கூட்டமைப்பு, குழு உறுப்பினர் நம்பர்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். நோட்டுக்கு சார்ஜ் தேவையில்லை.

3. வாட்ஸ்அப்பில் செட்டிங், பிறகு சாட்ஸ், பிறகு சாட் பேக்கப் என்று போய் நகல் எடுங்கள். வீடியோக்களையும் சேர்த்தால் அளவு பெரிதாகும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி இடம்தான். 2024-லிருந்து வாட்ஸ்அப் நகலும் அந்த இடத்துக்குள்ளேதான் அடங்க வேண்டும். இடம் நிறைந்துவிட்டால் நகல் ஏறாது. காலை வணக்கப் படங்களை அழித்தாலே பாதி இடம் கிடைத்துவிடும்!

4. குழுக் கணக்குச் செயலி இருந்தால், அனுப்பாமல் நிற்கும் பதிவு எதுவும் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பி முடியுங்கள்.

5. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இது போனின் பிறப்புச் சான்று மாதிரி. புது போன் வாங்கியதும் அதன் எண்ணையும் எழுதி, வாங்கிய ரசீதோடு பத்திரமாக வையுங்கள்.

புது போனில் எதை முதலில் செய்வது?

வரிசை முக்கியம். அடுப்பு பற்ற வைத்த பிறகு அரிசி தேடக் கூடாது அல்லவா?

முதலில் சிம். அதே சிம்மைக் கழற்றிப் போட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. சிம் அளவு சரியில்லை, பழுது என்று நிறுவனத்தில் மாற்று சிம் வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். பாதுகாப்புக்காக, மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் பொதுவாகக் குறுஞ்செய்தி வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்படும். அன்று ஓ.டி.பி. வரவில்லையே என்று பதற வேண்டாம். ஆகவே தவணை கட்டும் நாளில் சிம் மாற்றாதீர்கள்.

இரண்டாவது ஜிமெயில். புது போன் முதல் முறை திறக்கும்போது, பழைய போனிலிருந்து நகல் எடுக்கட்டுமா என்று கேட்கும். இரண்டு போனும் பக்கத்தில் இருந்தால் ஆமாம் என்று கொடுத்து, அது சொல்லும்படி செய்யலாம். பழைய ஜிமெயிலையே கொடுங்கள். புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம். நம்பர்கள் தானாக வந்து சேரும்.

மூன்றாவது வாட்ஸ்அப். அதே நம்பரைக் கொடுத்தால் 6 இலக்க எண் வரும். அதைப் போட்டதும், பழைய பேச்சுகளை மீட்கட்டுமா என்று கேட்கும். அதே நம்பர், அதே ஜிமெயில் இருந்தால்தான் மீட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள். நகல் இல்லாவிட்டாலும் குழுக்களில் நீங்கள் உறுப்பினராகவே இருப்பீர்கள். பழைய செய்திகள் மட்டும்தான் இருக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர்களுக்கு இந்த கூகுள் நகல் உதவாது. அவர்கள் இரண்டு போனையும் இணைத்து நேரடியாக மாற்ற வேண்டும்.

நான்காவது பணச் செயலிகள். ஜிபே, போன்பே, பீம் போன்றவை நகலில் தானாக வேலை செய்யாது. நல்லதற்குத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். செயலியைத் திறந்ததும் அது உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளும். அதற்கு சிம் அந்தப் போனுக்குள் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி போகும் அளவுக்கு ரீசார்ஜும் இருக்க வேண்டும். பலருக்கு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. அதன்பின் வங்கியைத் தேர்வு செய்தால் கணக்கு தானாகத் தெரியும். பழைய பின் எண்ணே போதும். மறந்துவிட்டால் ஏ.டி.எம். அட்டையின் கடைசி 6 இலக்கங்களையும் காலாவதி மாதத்தையும் கொடுத்துப் புதிய பின் வைக்கலாம். பல வங்கிகளில் ஆதார் வழியாகவும் வைக்கலாம்.

புது போனில் முதல் நாள் பெரிய தொகை அனுப்ப வங்கி விடாமல் இருக்கலாம். அது பழுதல்ல, நம் பாதுகாப்புக்குத்தான். கடை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு நிம்மதியான செய்தி. சுவரில் ஒட்டிய கியூஆர் அட்டை உங்கள் வங்கிக் கணக்கோடு இணைந்தது, போனோடு அல்ல. அதே கணக்கும் நம்பரும் இருந்தால், போன் மாறினாலும் பொதுவாக அதே அட்டையில் பணம் வரும். ஒருமுறை 1 ரூபாய் அனுப்பச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, டிஜிலாக்கர் முதலிய மற்ற செயலிகள். எல்லாவற்றையும் போனில் உள்ள பிளே ஸ்டோரிலிருந்தே இறக்குங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பிலிருந்து இறக்காதீர்கள்.

பழைய போனை என்ன செய்வது?

அன்றே கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரமாவது வீட்டில் இருக்கட்டும். புது போனில் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு, பழைய போனில் உள்ள பணச் செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். ஜிமெயில் கணக்கை நீக்குங்கள். மெமரி கார்டைக் கழற்றுங்கள். பிறகு செட்டிங்கில் ரீசெட் என்ற இடத்தில், எல்லாவற்றையும் அழி என்று கொடுங்கள். ஜிமெயிலை நீக்காமல் அழித்தால், வாங்குகிறவர் திறக்கும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்கலாம்.

தெருவில் "பழைய செல்போனுக்கு பக்கெட், குடம்" என்று கூவிக்கொண்டு வருவார்கள். அழிக்காத போனை அப்படிக் கொடுத்தால், குடத்துக்கு ஆசைப்பட்டுக் குடும்பப் படங்களையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உடைந்து திறக்காத போன் என்றால் விற்காமல் வைத்துக்கொள்வதே மேல்.

போன் தொலைந்துவிட்டால்?

பழைய போன் கையில் இல்லாமலே குடி போக வேண்டிய நிலைமை இது. பதறாமல் வரிசையாகச் செய்யுங்கள்.

- முதலில் வேறொருவர் போனிலிருந்து சிம் நிறுவனத்தைக் கூப்பிட்டு நம்பரை நிறுத்தச் சொல்லுங்கள்.
- அடுத்து வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் மீள வாய்ப்பு உண்டு.
- காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள்.
- அதே நம்பரில் மாற்று சிம் வாங்குங்கள்.
- மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில் புகார் நகலையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கொடுத்தால், அந்தப் போனை யாரும் பயன்படுத்த முடியாதபடி முடக்கலாம். போன் கிடைத்தால் மீண்டும் திறந்துகொள்ளலாம். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அங்கேயே பார்க்கலாம்.

புது போனில் அதே நம்பரில் வாட்ஸ்அப் தொடங்கினால், தொலைந்த போனில் வாட்ஸ்அப் தானாக நின்றுவிடும்.

ஒரே சேவை, இரண்டு கருவி

கூட்டமைப்பு அலுவலகக் கணினியிலும் வாட்ஸ்அப்பைப் பார்க்க வேண்டும் என்றால் போனை மாற்றத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில், கணினியில் தெரியும் கட்டத்தைப் போனால் படம் பிடித்தால் போதும். ஒரு நம்பரை நம் போன் தவிர இன்னும் 4 கருவிகளில் இப்படி இணைக்கலாம். படிவங்களை அச்செடுக்க இது வசதி. ஆனால் ஜெராக்ஸ் கடைக் கணினியில் இணைத்துவிட்டு அப்படியே வந்தால், நம் பேச்சை அங்கிருப்பவர் படிக்கலாம். வேலை முடிந்ததும் வெளியேறுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து, தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள்.

பணச் செயலி அப்படி அல்ல. புது போனில் பதிந்ததும் பழையதில் பெரும்பாலும் நின்றுவிடும். திடீரென்று உங்கள் போனில் பணச் செயலி நின்றுபோனாலோ, சிம்மில் சிக்னலே இல்லாமல் போனாலோ, வேறு யாரோ உங்கள் நம்பரைத் தங்கள் போனுக்குக் கொண்டுபோயிருக்கலாம். சும்மா விடாமல் உடனே விசாரியுங்கள்.

"உங்க போனை நாங்களே மாத்தித் தர்றோம், வந்த எண்ணை மட்டும் சொல்லுங்க" என்று யார் கூப்பிட்டாலும் சொல்லாதீர்கள். வங்கியோ, வாட்ஸ்அப்போ, அரசோ ஓ.டி.பி.யைக் கேட்டுப் பேசாது. பணம் வாங்குவதற்குப் பின் போடத் தேவையில்லை. பின் கேட்டால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

குழுவில் தீர்மானமாக எழுதுவோம்

அந்த ஊக்குநர் அக்காவின் குழுவில், அடுத்த கூட்டத்திலேயே தீர்மான நோட்டில் இப்படி எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குழுவிலும் எழுதலாம்.

1. சேமிப்பும் தவணையும் குழுக் கணக்குக்கே செலுத்தப்படும். எந்த வழியில் வந்தாலும் அன்றே நோட்டிலும் உறுப்பினர் பாஸ்புக்கிலும் எழுதப்படும். போனில் உள்ள படம் ரசீது ஆகாது.

2. குழுவின் வாட்ஸ்அப்புக்கு இரண்டு பேர் பொறுப்பாளர்களாக இருப்பார்கள். ஒருவர் போன் போனாலும் மற்றவர் நடத்துவார்.

3. குழுக் கணக்கில் பதிவான மொபைல் நம்பர் யாருடையது என்று நோட்டில் எழுதப்படும். ஊக்குநரோ பிரதிநிதியோ மாறினால், தீர்மான நகலோடு வங்கிக்குப் போய் அந்த நம்பரும் மாற்றப்படும்.

4. மாதம் ஒருமுறை வங்கிப் பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டப்படும்.

5. யாராவது போன் மாற்றினால் முன்கூட்டியே கூட்டத்தில் சொல்வார்கள். விவரம் தெரிந்த ஓர் உறுப்பினர் கூட இருந்து உதவுவார். ஆனால் பின் எண்ணை அவரவரே போட்டுக்கொள்வார்.

தீர்மானம் எழுதி முடித்ததும், அன்று கேள்வி கேட்ட உறுப்பினர் எழுந்து சொன்னார்: "அக்கா, நான் கேட்டது தப்பில்ல. ஆனா உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

அக்கா சொன்னார்: "நீ கேட்டது நல்லதுதான் தங்கச்சி. கேக்காம இருந்திருந்தா அந்த 2,000 ரூபாய் நோட்டுல ஏறாமலே போயிருக்கும். சந்தேகம் மனசுல இருந்திருக்கும். அதுதான் பெரிய நஷ்டம்."

நம் குழுக்கள் போன் வருவதற்கு முன்பே நம்பிக்கையால் கட்டப்பட்டவை. போன் வரும், உடையும், மாறும். நம்பர், ஜிமெயில், ரகசிய எண் என்ற மூன்று சாவியும் நம் கையில், கணக்கு நோட்டில் என்று இருந்தால், எத்தனை போன் மாறினாலும் குழு வேலை ஒரு நாளும் நிற்காது.

கூட்டத்தில் கலந்து பேசுவோம்

- உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் பெயருக்கு மாற்ற என்ன தடை?
- உங்கள் ஜிமெயில் முகவரியும் கடவுச்சொல்லும் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவர்கள் எத்தனை பேர்?
- இன்று ஊக்குநரின் போன் தொலைந்தால், நம் குழுவில் எந்தெந்த வேலை நிற்கும்?
- வங்கியில் குழுக் கணக்கில் பதிவான நம்பர் இன்றும் பயன்பாட்டில் உள்ளதா?

இந்த வாரம் செய்வோம்

ஒவ்வோர் உறுப்பினரும் *#06# அழுத்தி வரும் எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜிமெயில் முகவரியை அதன் கீழே எழுதுங்கள். கடவுச்சொல்லை எழுதாதீர்கள், சோதித்துப் பார்த்து நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நகல் எடுங்கள். அரை மணி நேர வேலைதான். அடுத்த கூட்டத்தில், செய்து முடித்தவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள்.